மூட மறுத்த மஞ்சள் மூடி

நெவில் கெர்லாக் குப்பைத் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் மூடி மூடவில்லை.

"என்ன பண்ற நீ?" சமையலறை ஜன்னல் வழியாக மனைவி கிளெனிஸ் எட்டிப் பார்த்தாள்.

"தொட்டி மூடமாட்டேங்குது."

"அதுக்குக் கோழி மாதிரி அடைகாத்தா ஆச்சா? நாலு பாட்டிலை வெளிய எடு."

"எடுத்து எங்க வைக்கிறது? நாளைக்குச் சாயங்காலம் ஷிராஸ் கழகத்து ஆளுங்க வந்து கொட்டகையைச் சோதனை போடுவாங்க, மறந்துட்டியா?"

தொட்டிக்குள் இருந்தவை வெறும் காலி ஒயின் பாட்டில்கள்தான். வேறு ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இது ஷிராஸ் ஒயினுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கு. இங்கே பரம்பரையாக ஷிராஸ் திராட்சை பயிரிடும் ஒருவரின் வாசல் தொட்டியில் 'கூனாவாரா' என்ற லேபிள் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். கூனாவாரா தெற்கே நாலைந்து மணி நேரம் கார் ஓட்டினால் வருகிற ஊர். பரோசாக்காரர்கள் அந்தப் பெயரைக் காதில் வாங்கினாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

அதுவும் இந்த வாரம்! சனிக்கிழமை மதியம் நெவில் ஷிராஸ் கழகத்தின் தலைவராகப் பதவியேற்கிறார். கழுத்தில் திராட்சைக்கொடி மாலை, கையில் கோப்பை, சபை முன்னால் ஓர் உறுதிமொழி: "வேற்றூர்ச் சிவப்பு ஒயின் என் வீட்டுப் படி ஏறியதில்லை, ஏறவும் விடமாட்டேன்." தாத்தா அந்த உறுதிமொழியை எடுத்தவர். அப்பா அந்த நாற்காலிக்குக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். மண்டபத்துச் சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தன் படம் தொங்க வேண்டும் என்பது நெவிலுக்கு அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்தே ஆசை.

எல்லாம் கிளெனிஸின் தங்கையைப் பார்க்கப் போனதால் வந்த வினை. அறுவடை முடிந்த கையோடு கிளம்பி, வழி நெடுக நிறுத்தி நிறுத்தி ருசி பார்த்தார்கள். மெக்லாரன் வேல் என்ற ஊரில் ஒரு மடக்கை வாயில் உருட்டிவிட்டு, "சாக்லேட்டைக் கரைச்சு வச்சிருக்கான்" என்று துப்பினார். லாங்ஹார்ன் கிரீக்கில், "மெத்துனு இருக்கு, தூக்கம் வராதவனுக்குக் கொடுக்கலாம்" என்று துப்பினார். கூனாவாராவில் அந்த ஊரின் சிவப்பு ஒயினான கேபர்நேயை ஊற்றினார்கள். நெவில் துப்பவில்லை. விழுங்கிவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார். புதினா வாசனையும் அந்தச் செம்மண்ணின் ருசியும் சேர்ந்து மனிதரை என்னவோ செய்துவிட்டன. கண் கலங்கியது. "தூசி" என்றார் கிளெனிஸிடம். திரும்பி வரும்போது வண்டியின் பின்பக்கம் ஒயின் பெட்டிகளின் பாரத்தில் தரையை உரசியது.

குடித்து முடித்தாயிற்று. இப்போது காலிப் பாட்டில்கள் கொட்டகை முழுக்க நிற்கின்றன.

"லேபிளை ஊறவச்சு உரிச்சிடுறேன்" என்று துணி துவைக்கும் அறைக்குள் போனார். கூனாவாராக்காரன் பசையிலும் கஞ்சத்தனம் காட்டவில்லை. எல்லாப் பாட்டிலிலும் பாதி லேபிள் உரிந்தது, பாதி அப்படியே நின்றது. உரிந்த பாதி போய்க் குழாயை அடைத்து, அறை குளமாகி, சனிக்கிழமை விருந்துக்காகத் துவைத்து வைத்த வெள்ளை மேசைவிரிப்பு அதில் மிதந்தது.

"என் மேசைவிரிப்பு மேல கூனாவாராவை ஒட்டி வச்சிருக்கியே, நீ உருப்படுவியா?" என்று கிளெனிஸ் துடைப்பத்தை எடுத்தாள்.

நெவில் பாட்டில்களைச் சாக்கில் போட்டு, அடுத்த ஊர்க் குப்பைமேட்டில் தள்ளிவிடலாம் என்று வண்டியில் ஏற்றினார். தெருமுனை தாண்டவில்லை. பழைய தலைவர் மெர்வ் தன் குட்டைக்கால் நாயோடு குறுக்கே வந்து கையைக் காட்டினார்.

"என்னப்பா நெவ், சாக்கு கலகலங்குது?"

"அது... ஜாடி, மெர்வ். கிளெனிஸோட வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி. காலி ஜாடி."

"கடவுள்தான் உன்னை அனுப்பினாரு! சர்ச் பொம்பளைங்க ஜாம் போட ஜாடி இல்லாம தவிக்கிறாங்க. எறக்கு, எறக்கு."

"கழுவலையே மெர்வ்! கழுவிட்டுத் தர்றேன்."

"சரி. சாயங்காலம் என் பொண்டாட்டி வந்து வாங்கிக்குவா."

வண்டி வீட்டுக்கே திரும்பியது. வீட்டில் காலி ஜாடி ஒன்றுகூட இல்லை, நிறைந்த ஜாடிகள்தான் இருந்தன. மதியம் முழுக்கப் புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்றார்கள்.

"உங்க கேபர்நேக்காக என் குடலைப் பணயம் வச்சிருக்கேன்" என்றாள் கிளெனிஸ், ஏப்பத்துக்கு நடுவே. கோபம் முற்றினால் அவள் மரியாதையாகப் பேசுவாள்.

சாயங்காலம் ஜாடிகள் போயின. சாக்கு மட்டும் போகவில்லை. அன்றைக்கு அடிலெய்டு அணிகள் இரண்டும் மோதும் கால்பந்தாட்டம். தெருவே தொலைக்காட்சி முன்னால் கிடந்தது. வாசல்களில் தொட்டிகள் மட்டும் காலைக் குப்பை வண்டிக்காக வரிசையாக நின்றன. நெவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கோடு கிளம்பினார். வீட்டுக்கு ஒரு பாட்டிலாகச் செருகினார். எல்லார் தொட்டியிலும் மேலே பாந்தமாகச் செய்தித்தாள் விரித்திருந்தது. சுத்தக்காரத் தெரு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். கடைசிப் பாட்டில் மெர்வ் தொட்டிக்குள் போனது.

காலையில் குப்பை வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினார். பார்த்தால் தெருவே வாசலில் நிற்கிறது. ஒருவர் ரோஜாச் செடி வெட்டுகிறார். ஒருவர் தபால் பெட்டியைத் துடைக்கிறார். எல்லார் கண்ணும் வண்டி மேலேயே இருந்தது.

வண்டியின் இரும்புக்கை மெர்வ் வீட்டுத் தொட்டியைத் தூக்கியது. தொட்டி லேசாகச் சாய, பாட்டில் ஒன்று வெளியே விழுந்து உருண்டு நெவிலின் செருப்பருகே வந்து நின்றது. பளிச்சென்ற லேபிளில் 'கூனாவாரா'.

மெர்வின் முகம் ஷிராஸ் நிறத்துக்குப் போனது. "அது... அது வந்து..."

நெவிலால் தாங்க முடியவில்லை. தன் திருட்டுத்தனத்துக்கு ஒரு நல்ல மனிதர் தலைகுனிவதா?

"அது என்னோடது மெர்வ்!" என்று கத்தினார். "நான்தான் போட்டேன்! எல்லார் தொட்டியிலயும் போட்டேன். எனக்குக் கூனாவாராதான் பிடிச்சிருக்கு. என்னால பொய் சத்தியம் பண்ண முடியாது!"

மெர்வ் நிமிர்ந்தார். நெஞ்சு விரிந்தது.

"உங்க தாத்தா பேரைக் கெடுத்துட்டியேடா! உனக்குத் தலைவர் பதவி ஒரு கேடா?"

"வேண்டாம் மெர்வ். நான் விலகிக்கிறேன்" என்றார் நெவில். அக்கம்பக்கத்தார் உச்சுக்கொட்டினார்கள்.

வண்டியோட்டி டெப் ஆரஞ்சுச் சட்டையோடு கீழே இறங்கி, பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் கொட்டின தொட்டியில பார்த்துட்டுதான் வர்றேன், நெவ் போட்டதெல்லாம் பாதி லேபிள் கிழிஞ்ச பாட்டில். இது முழு லேபிள், வழக்கம்போல உங்களோடதுதான், மெர்வ்" என்றாள். "போன மாசம் நீங்களே வண்டிய நிறுத்தி, 'இந்தத் தெருவுல கூனாவாரா பாட்டில் இல்லாத தொட்டி எவனோடது டெப், உறுதிமொழி எடுக்க ஒரு ஆளாவது வேணுமே'னு கேட்டப்ப, நான் சொன்னது இவரு பேரைத்தானே?"