தோணி நோட்டும் சும்மாட்டுத் துணியும்

காரைக்கால் கரையோர மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டுக்கு அதிர்ஷ்டம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வலை பின்னும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. இடுப்பில் காவி, கழுத்தில் மூன்று மாலை, மடியில் இரண்டு செல்போன். பெயர் நோட்டுச் சித்தர்.

நம் கையில் புழங்கும் காசுக்குள் ஒளிந்திருக்கும் பழைய நோட்டைக் கண்டெடுப்பது அவர் தொழில். அன்றைய வியாபாரக் காசை எண்ணாமல் துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். எண்ணினால் லட்சுமி ஓடிவிடுவாளாம். முடிச்சைப் பித்தளைத் தட்டில் வைத்ததும் தன் சிவப்புப் பட்டால் மூடுவார். துணிக்கடியில் கையை விட்டு, கண்ணை மூடி, உடம்பை உலுக்குவார். கை வெளியே வரும்போது அதில் ஒரு பழைய நோட்டு இருக்கும். சிலருக்குப் புலி படம் போட்ட இரண்டு ரூபாய். யோகக்காரருக்குப் பாய்மரத் தோணி படம் போட்ட பத்து ரூபாய்.

தோணி நோட்டை இருபத்தைந்து லட்சத்துக்கு வாங்கப் பாரிஸில் ஒரு பணக்காரர் காத்திருக்கிறாராம். வேறு ஊரில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் பாரிஸ் என்பது அடுத்த தெரு மாதிரி. டவுனில் எத்தனையோ வீட்டுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. பென்ஷன் வரும் வழியில் இதுவும் வராதா என்று ஊர் நினைத்தது.

ஒரே ஒரு சின்னத் தடங்கல். நோட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. கண் திறப்புப் பூசை செய்தால்தான் விழிக்கும். பூசைக்கு நாற்பத்தைந்தாயிரம். விழித்த நாற்பத்தெட்டாம் நாள் பாரிஸ் பணம் வரும். சித்தர் வந்தே பன்னிரண்டு நாள்தான் என்பதால் இதுவரை யாருக்கும் வரவில்லை, அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. லட்சுமி நோட்டில்தான் குடியிருக்கிறாள் என்று அடித்துச் சொன்ன சித்தர், பூசைக் கட்டணத்தை மட்டும் க்யூஆர் கோடு அட்டையை நீட்டித்தான் வாங்கினார்.

மாணிக்கவேலுக்குத் தோணி நோட்டே வந்துவிட்டது. மனைவி கனகம் மீன் விற்றுக் கொண்டுவந்த காசை அவளுக்குச் சொல்லாமல் முடிந்து எடுத்துப்போன யோகம். வீட்டுக்கு வந்து நோட்டைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, ஃபைபர் படகின் இன்ஜினை விற்று பூசை செய்யப்போவதாகச் சொன்னார். பூவத்திலிருந்து ஆள் நாளைக் காலையில் வருகிறானாம். அந்த இன்ஜின் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

கனகம் நோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் காசுக்கு ஒரு குணம் உண்டு. பஸ் கண்டக்டர் அதை இரண்டு விரலால் பிடிப்பார். பேங்கில் கேஷியர் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். மத்தி வாடை அப்படி. தோணி நோட்டில் ஜவ்வாது மணத்தது.

"இது என் காசுல இருந்து வரலங்க" என்றாள்.

"அதான் தெய்வ வாசனை" என்றார் மாணிக்கவேல். பக்தி முற்றிவிட்டால் மூக்கு கூட கட்சி மாறிவிடும்.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. பூவத்துக்காரன் மினி லாரியோடு வந்து வாசலில் இருந்தான். அங்கே கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்த இன்ஜினைப் பார்த்து விலையும் பேசிவிட்டான். ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கனகம் மீன் கூடையோடு நேரே உள்ளே போய், ஒரு முடிச்சைத் தட்டில் வைத்தாள். சித்தர் மூடினார், உலுக்கினார், எடுத்தார். இன்னொரு தோணி. ஒரே குடும்பத்துக்கு இரண்டா என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கனகம் முடிச்சை எல்லோர் முன்னாலும் விரித்தாள். உள்ளே ஒரு ரூபாய் கூட இல்லை. மீன் பொட்டலம் கட்டும் செய்தித்தாளை நோட்டளவுக்கு வெட்டி வைத்திருந்தாள்.

முதல் ஆளாகப் பூசைக்குப் பணம் கட்டிய சுந்தரமூர்த்தி உருகிப்போய்ச் சொன்னார்: "வெத்துக் காகிதத்துலயே லட்சுமிய வரவழைச்சுட்டாரு சாமி." கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. சித்தருக்கே அது புதுச் செய்தி. இருந்தாலும் அடக்கமாகப் புன்னகைத்தார். மாணிக்கவேல் வாசலைப் பார்த்து, இன்ஜினை ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கனகம் விடவில்லை. கூடையை இறக்கிவிட்டு, அதற்கடியில் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறித் தட்டின் மேல் போட்டாள்.

"உங்க பட்டு வேணாம் சாமி. இந்தத் துணிய மூடி ஒருவாட்டி எடுங்க. வந்துச்சுன்னா இன்ஜினோட என் தோட்டையும் கழட்டித் தரேன்."

சித்தர் பின்னால் சாய்ந்தார். அங்கேதான் அவருக்கு வாய் சறுக்கியது. மீன் நாற்றம் பிடித்த துணி தீட்டு, அதில் லட்சுமி இறங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதுதான் கரையிலிருந்து வந்தவர்கள். மீதிப் பாதி மீன் விற்கக் கிளம்பியவர்கள். அதே சுந்தரமூர்த்திதான் எழுந்தார்.

"பன்னண்டு நாளா இந்தத் தட்டுல வெச்ச காசெல்லாம் எங்க பொம்பளைங்க மடியில இருந்து வந்ததுதானே சாமி. அந்த நாத்தத்துல மட்டும் எப்படி இறங்குனா?"

சித்தர் பதிலுக்குக் கண்ணை மூடினார். கனகம் அந்த நேரத்தில் அவருடைய பட்டுத் துணியை எடுத்து உதறினாள். ஓரத்தில் தைத்திருந்த உள்பையிலிருந்து ஏழு தோணி, நாலு புலி, கூடவே ஒரு ஜவ்வாது டப்பாவும் விழுந்தன.

அதற்குப் பிறகு சித்தரின் இரண்டு செல்போனும் நன்றாக உழைத்தன. ஊர் சூழ்ந்து நிற்க, வாங்கிய பணத்தை ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்ப மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு போலீஸ் ஜீப் வந்தது. பூவத்துக்காரன் காலி வண்டியோடு போனான். இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்த மாணிக்கவேல், பின்னாலேயே வந்த மனைவியிடம், உனக்கு எப்படித் தெரிந்தது என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நான் மீன் விக்கிறேன். வாங்குறவங்கதான் எனக்குக் காசு குடுக்கறாங்க. நோட்டு விக்க மட்டும் நாம எதுக்குக் காசு கட்டணும்?"

இதைக் கேட்க ஒரு ஊருக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. பழைய நோட்டுக்கு விலை இருக்கலாம், சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், விஷயம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். அதற்குப் பூசை வேண்டாம். இப்போது கீழவாஞ்சூர் பக்கம் ஒரு ஸ்வாமிஜி டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாயைத் தேடித் தருகிறாராம், கூட்டம் தாங்கவில்லையாம்.

போகிறவர்கள் போங்கள். நூறு ரூபாய் மீன் வாங்கவே செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர் இது. நாற்பத்தைந்தாயிரத்துக்கு முன்னால் சாமியாரின் செவுளையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.