எண்பது லிட்டர் தண்ணீரும் நானும்

படாளம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் வரதனுக்கு, உன் அக்கா புருஷன் அருணகிரி எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்கா பார்வதம், மகள் துர்காதேவி மூவரும் நலம். ஓசூரில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க நம் ஊர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் மண்டையில் இடப்பக்கம் ஒரு புடைப்பு இருக்கிறது. அதை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாததால் தனியாக எழுதுகிறேன்.

நேற்று நீ போன் செய்து, "இன்னா மாமா, பன்னெண்டு காரு கழுவப் போற பொண்ணுக்குப் போயி சின்ன வண்டிய எடுத்துக்கீறீங்க?" என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அக்கா பக்கத்தில் இருந்தாள், நான் ஒரு வரி சொன்னால் அவள் இரண்டு திருத்தம் சொல்லுவாள். அதனால்தான் கடிதம். உடைத்தே சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கப் போன இடத்தில் உன் மாமனை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திருடன் என்று பூட்டவில்லை, ஆள் இருப்பதே தெரியாமல் பூட்டினார்கள். அது இன்னும் கேவலம்.

துர்கா மூன்று வருஷம் கார் ஷோரூமில் பாலிஷ் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். இப்போது சொந்தத் தொழில். கார் நிற்கிற வீட்டுக்கே போய்க் கழுவி, உள்ளே தூசி உறிஞ்சி, பாலிஷ் போட்டுக் கொடுப்பது. முதல் வேலை வருகிற ஞாயிறு, கல்பாக்கம் குவார்ட்டர்ஸில், ஒரே தெருவில் பன்னிரண்டு கார். அந்தக் கடலோரம் முழுக்க போர் தண்ணீர் உப்பு. கழுவிக் காய்ந்தால் கார் மேலே தேமல் விழுந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். ஆகவே நம் வீட்டு போரிலிருந்தே நல்ல தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மிஷின், ஜெனரேட்டர், எல்லாவற்றையும்விடக் கனம் தண்ணீர்தான்.

கனம் என்று வந்துவிட்டால் நான் யார் என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருஷம். கரும்பு டிராக்டர் கேட்டில் திரும்பும்போதே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாக எடை போட எதுவும் வருவதில்லை, அதனால் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டில் பழைய வண்டி விற்கிற யார்டில் எங்களுக்கு வண்டி காட்டியவர் ஜெபா என்று ஒரு கோவளத்துக்காரர். "எவ்ளோ லோடு வரும் சார்?" என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க அறுவத்திரெண்டு" என்றேன். "அண்ணாத்த, போன வாரம்தான் பாத்தேன், கரெக்டு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "பொண்ணு அம்பத்தஞ்சு, நான் எம்பது, இதோ இவங்க எழுவத்தாறு" என்று உன் அக்காவையும் காட்டிவிட்டேன். யார்டே திரும்பிப் பார்த்தது. "என்ன எதுக்கு எட போடற? நா இன்னா கரும்பு லோடா?" என்று கேட்டுவிட்டு அவள் ஆபீஸுக்குள் ஃபேன் காற்றுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மூடிய சரக்கு வேன் நின்றன. ஒன்று பெரியது, வெள்ளை. சீட்டுக்குப் போக மாடிப்படி ஏறுவதுபோல ஏற வேண்டும். ஆனால் பன்னிரண்டு காருக்கும் தண்ணீர் தாங்கும். இன்னொன்று சின்னது, சாம்பல் நிறம், தரையோடு தரையாக நிற்கும். ஒரு காருக்கு நாற்பது லிட்டர் என்று எல்லார் முன்னாலும் உரக்கவே கணக்குப் போட்டேன். சின்னதில் துர்காவோடு நானும் ஏறினால் ஒன்பது காருக்குத்தான் தண்ணீர். என்னை இறக்கிவிட்டால் என் எடைக்கு எடை எண்பது லிட்டர் கூட, பதினோரு கார். துர்கா பெரியதில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். என் வலது முட்டியின் லட்சணம் நீ அறிந்ததுதான். காலைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்து வெகுநேரம் செருப்பையே பார்த்தேன். பிறகு டயரைத் தட்டி, "சூப்பர் வண்டிம்மா, இதையே எடு. உங்கூட நான் இன்னாத்துக்கு? வேற ஆளு யாரனா வெச்சுக்கோ, நான் வூட்ல கெடக்கறேன்" என்றேன். அவள் சின்ன வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "எதுக்கும் இத ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேம்ப்பா."

"ஓட்டு, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று நகர்ந்தேன். டீ குடித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. தண்ணீர்த் தொட்டி அந்த வண்டிக்குள் கொள்ளுமா என்று ஒரு சந்தேகம். அளவு டேப்பை வீட்டில் விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷ அனுபவஸ்தன் போய் அடுத்தவனிடம் டேப் கேட்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? தொட்டி ஐந்தடி, நான் ஐந்தடி ஆறு அங்குலம். யாரும் பார்க்காதபோது பின்பக்கம் தவழ்ந்து உள்ளே போய், நீட்டிப் படுத்து, அரையடிக்கு முட்டியை மடக்கினேன். மடங்கிய முட்டி நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே கைப்பிடி கிடையாது, மச்சான். சரக்கு எதற்குக் கதவைத் திறக்கப் போகிறது என்று செய்தவன் நினைத்திருப்பான். நியாயம்தான். வண்டி கிளம்பிவிட்டது. முன்னால் துர்காவும் ஜெபாவும், நடுவில் தகரத் தடுப்பு. தட்டினேன், கத்தினேன். உட்கார்ந்தால் கூரை இடித்தது, படுத்தால் சக்கர மேடு இடித்தது. கொளவாய் ஏரி வரைக்கும் போய்த் திரும்பினார்கள். உள்ளே ஒரே இரைச்சல், முன்னால் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

யார்டுக்கு வந்ததும் கதவைத் திறந்தது உன் அக்கா. நல்ல நேரம் முடிவதற்குள் ஏதோ ஒரு வண்டிக்கு வைத்துவிட வேண்டும் என்று நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தாள். தொட்டி வைக்கிற இடத்துக்குக் குங்குமம் வைக்கத் திறந்தவள், மடங்கிக் கிடந்த என்னைப் பார்த்து "யம்மாடி!" என்று போட்ட சத்தத்தில் நாலு பழமும் நாலு பக்கம் உருண்டன. துர்கா ஓடி வந்தாள்.

"இன்னாப்பா இது? டீ குடிக்கறேன்னியே!"

"எழுவத்தாறாம் எழுவத்தாறு! இங்க ஒரு எம்பது கெடக்குது பாரு" என்றாள் உன் அக்கா.

நான் இருந்த இடத்திலிருந்தே, "சின்னதையே எடும்மா" என்றேன்.

"பெருசுன்னு சொன்னியேப்பா?"

"உள்ள படுத்துப் பாத்தேன். வசதியாத்தான் கீது."

ஆக, ஏன் சின்ன வண்டி என்று கேட்டாயே, காரணம் இதுதான். மாமல்லபுரத்து விடுதிகளில் கார் நிறுத்தும் இடத்துக் கூரை தாழ்வு, பெரியது இடிக்கும். கோவளத்துச் சந்துகளில் அதைத் திருப்ப முடியாது. எல்லாம் எடைமேடைக்காரன் தீர யோசித்து எடுத்த முடிவு. ஞாயிறு ஒன்பது கார், மீதி மூன்று திங்கட்கிழமை என்று துர்கா பேசிவிட்டாள். நான் கூடப் போவது முதல் நாள் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதற்காக மட்டும்தான். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை, குடும்பத்தோடு வந்துவிடு. எலுமிச்சம்பழம் வாங்க வேண்டாம். நாலில் மூன்று கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாரும் நோய்நொடி இல்லாமல், முட்டி நல்லபடியாக இருந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ப. அருணகிரி
(எடைமேடை, ஓய்வு)

பி.கு.: இதை உன் அக்கா தூங்கிய பிறகு எழுதி உறையை ஒட்டுகிறேன். மேலே எழுதிய காரணங்கள் அவள் கண்ணில் பட்டால் படட்டும் என்று எழுதியவை. நீ நம்பாதே. அந்தத் தகரத் தடுப்பில் ஒயர் போக எலுமிச்சம்பழ அளவு ஓர் ஓட்டை உண்டு. ஏரிக்கரையில் வண்டி மெதுவானபோது என் பேச்சு அடிபட்டது. தட்டுவதை நிறுத்திவிட்டேன். தன்னைப் பற்றிப் பேசும்போது எவனாவது தட்டுவானா?

"பெருசுல பன்னெண்டும் ஒரே நடையில முடிஞ்சிடும் மேடம். இதுல அப்பாவ எறக்கிட்டாக்கூட பதினொண்ணு வரும்" என்றார் ஜெபா.

"பெருசுல எங்கப்பாவால ஏற முடியாதுண்ணே, முட்டி. செருப்பு அறுந்துட்ச்சின்னு நடிச்சாரே, பாக்கல? போன வாரம் நான் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு அது. ரெண்டு காரு கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. வூட்ல வுட்டா பஸ் ஸ்டாப்புல ஒக்காந்துகினு போறவங்க வரவங்கள எட போட்டுக்கினு கெடப்பாரு. அவர் வரலன்னா எனக்கு எந்த வண்டியும் வேணாம்."

அப்புறம் யார்டில் துர்கா என்னை வெளியே இழுத்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "ரொம்ப நேரமா கத்தினியாப்பா? ஏதோ டப்பா உருளுதுன்னு வுட்டுட்டோம். எங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

எல்லாமே கேட்டுச்சும்மா என்பதை மட்டும் சொல்லவில்லை.