விலகல் படிவம்

சமையலறைக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "உங்களால அதைச் சரிபண்ண முடியாதாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்," என்றாள் மனைவி. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஸ்பானரும் கையுமாக சிங்க்குக்கு அடியில் நுழைந்தார். பாதி வேலையில் அவள் ஒரு தாளை நீட்ட, என்ன ஏது என்று பார்க்காமல் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மாலைக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படிக்கச் சேர்ந்தவர் ஒரு வகுப்புக்கும் வராதது ஏன் என்று கேட்டிருந்தார்கள். கூடவே விண்ணப்பத்தின் நகல். சிங்க்குக்கு அடியில் போட்ட அதே கோணல் கையெழுத்து. படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று முப்பது வருடம் அவளிடம் புலம்பியவர்தான். அது பேச்சு. அதற்காக இப்படியா?

செத்தவளிடம் சண்டை போட முடியாது. கல்லூரிக்குப் போனார்.

"பேரை எடுங்க. எனக்கு ஐம்பத்து மூணு வயசு."

குமாஸ்தா அம்மா பதிவேட்டிலிருந்து நிமிரவில்லை. "முதல் பரீட்சை எழுதினவங்கதான் சார் விலக முடியும்."

"வராதவன் பேரை எடுக்க அவன் வரணுமா?"

"விதி, சார்."

எழுதித் தொலைப்போம் என்று பரீட்சையில் உட்கார்ந்து வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி போய்க் கேட்டால், பாஸானவர்கள்தான் விலகலாமாம். பல்லைக் கடித்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்தார். நாற்பத்தொன்று வாங்கினார். இயற்பியலிலும் பாஸாக வேண்டுமாம்.

அந்தப் புத்தகத்தில் ஒருவன் லிஃப்ட்டுக்குள் நின்று எடை பார்த்துக்கொண்டிருந்தான். 'கயிற்றின் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று கீழே போட்டிருந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது மாடிக் கயிற்றை ஒருநாள் தோளில் சுமந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று பரீட்சைத் தாளில் ஆரம்பித்து, கயிற்றையும் சேர்த்து நான்கு பக்கம் கணக்குப் போட்டார். எண்பத்தெட்டு.

மதிப்பெண் தாளை மேசையில் அறைந்தார். "இப்பக் குடுங்க விலகல் படிவத்தை."

"உங்க பேர் இரண்டாம் வருஷத்துக்குப் போயிடுச்சே சார்."

"எந்த விதிப்படி? விதிப் புத்தகத்தை எடுங்க. பாக்காம நான் நகரமாட்டேன்."

குமாஸ்தா அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அப்படி ஒரு விதியும் இல்ல சார். முதல் நாளே இதைக் குடுத்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில விண்ணப்பம் கொண்டுவந்தப்ப உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க, 'அவர் ஆசைப்பட்டு எதுவும் செய்யமாட்டார், கோபம் வந்தா முடிச்சிடுவார். இனிமே கோபப்படுத்த நான் இருக்கமாட்டேன், நீங்க பாத்துக்குங்க'ன்னு."

அந்தச் சமையலறைக் குழாய், கோபத்தில் அவர் சரிபண்ணிய அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சொட்டவில்லை.