காலடிப்பேட்டைக் கீரை ஆராய்ச்சி

விவசாயத்திலும் மண், நீர் சம்பந்தமான விஷயங்களிலும் ஆராய்ச்சி செய்து எம்.எஸ்ஸி. பட்டம் பெற விரும்பும் பட்டதாரிகளுக்கு இரண்டு வருஷம் உபகாரச் சம்பளம் தரப்படும் என்று 1953-ஆம் வருஷம் சர்க்கார் விளம்பரம் செய்தது. ராயபுரத்தில் அதைப் பலர் படித்தார்கள். நம்பியவள் சுகிர்தம் ஒருத்திதான்.

சுகிர்தம் தாவர சாஸ்திரத்தில் பி.எஸ்ஸி. தேறியவள். அவள் அப்பா ஆசீர்வாதம் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். இதற்கு மேல் படிக்க வைக்கத் தன்னால் முடியாது, சர்க்கார் படிக்க வைத்தால் ஆட்சேபணை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

எதை ஆராய்வது என்பதில் சுகிர்தத்துக்குக் குழப்பம் இல்லை. அவர்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் சொக்கம்மாள் இரண்டு மாதமாக வரவில்லை. விசாரித்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனாள். சொக்கம்மாளின் தோட்டத்தை ஒட்டி ஒரு தோல் ஆலையின் கால்வாய் புதிதாக ஓடியது. தண்ணீர் பழுப்பாக, நுரையோடு வந்தது. பாத்தியில் கீரை மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது.

"தண்ணி ஊத்தலேன்னா வாடிப்பூடுது. ஊத்துனா செத்துப்பூடுது. நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு" என்றாள் சொக்கம்மாள். புருஷன் இல்லை, பூவம்மா என்று ஒரு பெண் குழந்தை உண்டு. அந்தத் தோட்டந்தான் இருவருக்கும் சோறு.

சுகிர்தம் விண்ணப்பித்தாள். விவசாய இலாகாவின் சூப்பரின்டென்டென்ட் வேம்பு நல்ல மனிதர். விண்ணப்பத்தை மிகவும் பாராட்டினார். ஒரே ஒரு சர்டிபிகேட்தான் குறைகிறது, நிலத்தில் பயிர் இருப்பதாக அதிகாரி பார்வையிட்டு எழுதித் தரவேண்டும் என்றார்.

"பயிர் சாகிறது என்றுதானே சார் ஆராய்ச்சியே?"

"ரொம்ப சரி. ஆனால் செத்த பயிர் பயிராகாது. பயிர் இல்லாத நிலம் தரிசு. தரிசு வேறே இலாகா."

"பயிர் நன்றாக இருந்தால்?"

"உடனே சாங்ஷன்."

இதைக் கேட்டுச் சொக்கம்மாள் ஆச்சரியப்படவில்லை. அதிகாரி வருகிற அன்று விடியற்காலையில், மாதவரத்தில் தங்கை தோட்டத்திலிருந்து இரண்டு கூடை முளைக்கீரையை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து பாத்தி பாத்தியாக நட்டாள். சுகிர்தத்துக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வரிசை கோணாமல் கயிறு பிடித்தாள். பத்து மணிக்கு அதிகாரி வந்தார். சேற்றில் பூட்ஸ் கெடும் என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்த்தார். அமோக விளைச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் கீரை தலை தொங்கியபோது அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆராய்ச்சியின் தலைப்பு மட்டும் மாறியிருந்தது: "தோல் ஆலைக் கழிவு நீரினால் கீரை செழித்து வளர்வதன் காரணங்கள்."

சுகிர்தம் பதறிக்கொண்டு ஓடினாள். வேம்பு பொறுமையாக விளக்கினார். அமோகம் என்று சர்டிபிகேட் சொல்கிறது, சாவு என்று விண்ணப்பம் சொல்கிறது. இரண்டும் ஒரே பைலில் இருக்கமுடியாது. சர்டிபிகேட்டில் முத்திரை இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை.

சம்பளமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடத்தான் அவள் நினைத்தாள். சொக்கம்மாள் விடவில்லை. "துட்ட வாங்கிக்கோ கண்ணு. கடேசில நெசத்த எழுதிடு. எழுதுற கை உன்னுதுதானே" என்றாள். அது நியாயமாகப் பட்டது.

கழிவு நீரில் செழிக்கும் கீரை என்ற செய்தி பரவியது. அந்தச் சமயத்தில் விரயமாவது எதையும் விளைச்சலாக்குவது நாகரிகமாக இருந்தது. நிபுணர்கள் வந்தார்கள். மாதர் சங்கத்தார் கார்களில் வந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி ஆனந்தப்பட்டார்கள். பெரிய வீட்டு விருந்துகளில் ஆராய்ச்சிக் கீரை பரிமாறுவது கௌரவமாயிற்று. ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் மாதவரத்திலிருந்து கீரை வந்தது. இந்த வேலையின் முக்கியத்துவத்தை உணர்ந்து, இலாகா தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி வேம்புவை அதற்கு அதிகாரியாக்கி, மூன்று குமாஸ்தாக்களையும் கொடுத்தது. சொக்கம்மாளைக் கள உதவியாளராக நியமித்தது. மாதச் சம்பளம். பூவம்மா பள்ளிக்கூடம் போனாள்.

யாரும் வராத நாட்களில் சுகிர்தம் உண்மையாகவே ஆராய்ந்தாள். மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்து, சிலவற்றுக்குக் கிணற்றுத் தண்ணீரும் சிலவற்றுக்குக் கால்வாய்த் தண்ணீரும் விட்டாள். கால்வாய்த் தண்ணீர் குடித்த ஒரு செடிகூடத் தப்பவில்லை. இரண்டாம் வருஷ முடிவில், இந்தத் தண்ணீரை உடனே நிறுத்தவேண்டும் என்று முடிக்கும் கட்டுரையை வேம்புவின் மேஜையில் வைத்தபோது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

அவர் முழுவதையும் படித்தார். அந்த இலாகாவில் அதற்கு முன் யாரும் எதையும் முழுவதும் படித்ததில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வார்த்தை பொய்யில்லை அம்மா. மேலே அனுப்புகிறேன். உங்களுக்குப் பட்டம் நிச்சயம்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆராய்ச்சி முடிந்தால் பிரிவும் முடிந்தது என்றார். தான் பழைய நாற்காலிக்குப் போய்விடலாம். குமாஸ்தாக்கள் வீட்டுக்குப் போவார்கள். "சொக்கம்மாளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு மனசு வராது."

சொக்கம்மாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். தண்ணியை நிறுத்தினால் நிலம் மறுபடி விளையுமா என்று விசாரித்தாள். விளையும், ஆனால் ஏழெட்டு வருஷம் ஆகும் என்றாள் சுகிர்தம்.

"அதுவரிக்கும் நாங்க இன்னாத்த துன்றது?" என்றாள் சொக்கம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. "நீ எழுதுனது பொய்னு நான் சொல்லல கண்ணு. நெசந்தான். கொஞ்சம் மெதுவா நெசமாவட்டுமே."

சுகிர்தம் மூன்று நாள் இலாகாப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் இலாகாவுக்குப் போய், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கால நீடிப்புக்கான விண்ணப்பப் பாரம் கேட்டாள். வேம்பு அதில் அவள் பெயரை டைப் அடித்தே வைத்திருந்தார். காரணம் என்ற இடத்தில், "கீரை இன்னும் முழுவதும் சாகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரே வாரத்தில் சாங்ஷன் ஆயிற்று. அதோடு, ஒரு தோட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய ஆராய்ச்சியை நடத்துவது பொருத்தமில்லை என்று கருதிய இலாகா, பக்கத்திலிருந்த ஏழு தோட்டங்களுக்கும் கால்வாயை வெட்டிவிட உத்தரவிட்டு, ஏழு கள உதவியாளர்கள் தேவை என்று ஆலை வாசலில் ஒரு நோட்டீசும் ஒட்டியது.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது மனுக்கள் வந்தன. முதலில் வந்த ஏழும் அந்தத் தோட்டக்காரர்களுடையவை.