வெறும் தண்ணிதானுங்க, மாமா

தீயணைப்பு வீரன் என்றால் எதற்கும் பயப்படாதவன் என்று ஊர் நம்புகிறது. நம்பிவிட்டுப் போகட்டும், எங்களுக்கும் அது ஒரு கௌரவம். எரிகிற கூரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நான் நிற்பேன். கிணற்றில் இறங்கிப் பாம்பைப் பிடிக்கச் சொன்னால் முனகிக்கொண்டாவது இறங்குவேன். என் வாழ்க்கையில் என்னைக் கிடுகிடுவென்று நடுங்க வைத்த ஒரே ஆள் என் மாமனார் நாச்சிமுத்துதான். அதுவும் அவர் என் மாமனார் ஆவதற்கு முன்னால்.

அவருக்குத் திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி. காதர்பேட்டை வியாபாரிகளுக்கு வெள்ளை பனியன் தைத்துக் கொடுக்கிற அளவான கம்பெனி. நான் குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன், தீயணைப்பு நிலையத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜாதகம் பொருந்திவிட்டது. அவர் மகள் வித்யாவுக்கும் என்னைப் பிடித்துவிட்டது. (எதைப் பார்த்து என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.) மாமாவுக்கு மட்டும் என் உத்தியோகம் தொண்டைக்குள் இறங்கவில்லை. சொந்தமாக நாலு தையல் மெஷின் கூடப் போடாதவனை அவர் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண் பார்க்கப் போன அன்றே கேட்டுவிட்டார்.

"ஏனுங் மாப்ள, தீப் புடிச்சா அணைப்பீங்க, செரி. தீப் புடிக்காத நாள்ல என்னங்க பண்ணுவீங்க?"

எங்கள் துறையின் பெருமையை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காலைல பரேடுங்க மாமா. அப்பறம் வண்டில ஏணி, கயிறு, ஓஸு எல்லாம் செரியா இருக்குதான்னு பாக்கோணும். பம்பை ஓட்டிப் பாக்கோணும். நனைஞ்ச ஓஸையெல்லாம் கழுவிக் காயப் போடோணுங்க."

"காயப் போட்டு?"

"மடிச்சு வெப்பமுங்க."

அவர் மெதுவாகத் தன் மனைவி பக்கம் திரும்பினார். "நம்ம கம்பெனில மடிக்கறதுக்கு ஆள் பத்தலைன்னு சொல்லீட்டு இருந்தீல்ல?" என்றார். கையில் இருந்த காபியை நான் அப்படியே கீழே வைத்தேன்.

வித்யா பிடித்த பிடியில் நிச்சயதார்த்தம் ஒருவழியாக முடிந்தது. ஆனால் மாமா கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். பத்திரிகை அச்சாகாத கல்யாணம் எப்போது வேண்டுமானாலும் கலையும். எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒன்று கலைந்திருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. நிலையத்தில் டெலிபோன் அடித்தால்கூட, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் மாமா கூப்பிடுகிறாரோ என்று தோன்றும்.

அந்த நிலைமையில்தான் அந்த நாள் விடிந்தது. முந்தின நாள் ஒரு குட்டையில் தண்ணீர் எடுத்திருந்ததால் எங்கள் வண்டியின் சக்ஷன் ஓஸ் முழுக்கச் சேறு. தொட்டியிலிருந்து வண்டிக்குத் தண்ணீரை உறிஞ்சுகிற குழாய் அது. தொடை பருமன் இருக்கும், மடங்காது. துண்டு துண்டாக இருக்கும், வேண்டிய நீளத்துக்கு ஒன்றோடு ஒன்றைத் திருகிக்கொள்ள வேண்டும். அதைக் கழுவி, மதில்மேல் காயவைத்து, மறுபடி வண்டியில் ஏற்றுவது என் பொறுப்பு. பாதி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வித்யா போன் செய்தாள்.

"அப்பா இன்னைக்கும் பிரஸ்ஸுக்குப் போகலைங்க. கேட்டா, 'என்ன அவசரம், மாப்ளையோட ஓஸ் காயட்டும்'ங்கறாங்க."

அவளுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று நானே புலம்பித் தீர்த்துவிட்டு போனை வைத்தேன். வண்டிக்குப் பின்னாலிருந்து டிரைவர் செபஸ்தியான் அண்ணன் குரல் கொடுத்தார். தூத்துக்குடிக்காரர். வண்டி ஓட்டுவதோடு பம்பை இயக்குவதும் அவர்தான்.

"எலே சரவணா, ஓஸ் எல்லாம் ஏத்தியாச்சாலே?"

"ஏத்தியாச்சுண்ணே!" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடைசித் துண்டு மதில்மேல் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மணி அடித்தது. பனியன் கம்பெனியில் தீ என்று முகவரியைப் படித்தார்கள். தாராபுரம் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. மாமாவின் கம்பெனி! பூட்ஸை மாட்டினேன். செபஸ்தியான் அண்ணன் பார்த்துச் சொன்ன பிறகுதான் இரண்டையும் கால் மாற்றி மாட்டியிருந்தது தெரிந்தது.

வழியெல்லாம் துணி மூட்டை கட்டிய மொபெட்டுகள். சைரன் சத்தத்தைக் கேட்டு ஒதுங்க நினைத்தாலும் மூட்டை ஒதுங்க விடாது. அண்ணன் ஸ்டியரிங்கை அடித்து அடித்துத் திட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து எங்கள் குலதெய்வத்திடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்கள் பிழைக்க வேண்டும், மாமா பிழைக்க வேண்டும், அப்படியே என் கல்யாணமும் பிழைக்க வேண்டும். (மூன்றாவதை முதலில் வேண்டிக்கொண்டேன். தெய்வம் மன்னிக்கட்டும்.)

போய் இறங்கினால், நல்லவேளை, தையல் ஆட்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைக் கொட்டி வைக்கும் கொட்டகைதான் எரிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி ஒரு அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே கூரைவரைக்கும் வெள்ளை வெளேரென்று பனியன் அடுக்கியிருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மாமா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, சாயங்காலம் லோடு ஏத்தோணுங்க. எல்லாம் வெள்ளைங்க. தீயும் படக்கூடாது, தண்ணியும் படக்கூடாதுங்க."

அவர் என்னை நம்பிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அந்த விம்மலில் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க மாமா. பட்டாலும் வெறும் தண்ணிதானுங்க. காஞ்சா செரியாப் போயிரும்."

எங்கள் வண்டித் தண்ணீர் தீர்ந்தபோது கொட்டகை முக்கால்வாசி அணைந்திருந்தது. ஆனால் மூலையில் ஒரு தீ நாக்கு மட்டும் ஏறி அந்த அறையின் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துவிட்டது. கம்பெனி ஆட்கள் வாளி வாளியாக ஊற்றினார்கள், அது அசையவில்லை. எங்கள் நிலைய அலுவலர் கத்தினார்.

"சரவணா! பக்கத்துச் சாயப்பட்டறைல பெரிய தொட்டி இருக்கு. செபஸ்தியானோட போய் ஏத்திட்டு வா. ஓடு!"

ஓடினோம். சாயப்பட்டறைக்குள் நல்ல தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் வரிசையாக நின்ற இரும்பு டிரம்களுக்கு அப்பால் இருந்தது. வண்டி அதற்குமேல் போகாது. சக்ஷன் ஓஸைத் திருகி நீட்டினேன். எட்டவில்லை. இன்னொரு துண்டுக்கு வண்டிமேல் கையை விட்டுத் துழாவினேன். அப்போதுதான் எனக்கு அந்த மதில் ஞாபகம் வந்தது.

அண்ணனிடம் சொன்னால் தோலை உரித்துவிடுவார். அங்கே ஜன்னல் எரிகிறது. மாமா காத்துக்கொண்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்திலேயே தரையோடு தரையாக இன்னொரு தொட்டி, வழிய வழிய நிரம்பியிருந்தது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பாக இருந்தது. செம்மண் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓஸை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலுக்குச் சூடாகியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

வடநாட்டு வாட்ச்மேன் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "நஹி, நஹி!" என்று ஓடி வந்தார். எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி வார்த்தை அது. தண்ணீர் தர மாட்டேன் என்கிறார், அவ்வளவுதானே?

"கவர்மெண்ட் வண்டி! தள்ளி நில்லுங்க!" என்று அதட்டினேன். அதிகாரம் காட்ட ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு அந்த நேரத்திலும் ஒரு அற்ப சந்தோஷம்.

"தண்ணி எப்படிலே இருக்கு?" என்று பம்பு மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் கேட்டார்.

"சூப்பரா இருக்குண்ணே!"

திரும்பி வந்ததும், ஓஸின் முனையை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். மாமா பார்க்க வேண்டுமே! ஜன்னலைக் குறி வைத்துத் திறந்தேன். குழாய்க்குள் ஏற்கனவே தங்கியிருந்த நல்ல தண்ணீர் முதலில் பளிச்சென்று பாய்ந்தது. மாமா பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லித் தலையாட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

அடுத்த நொடி தண்ணீர் ராணி கலராக மாறியது.

புகையில் கண்தான் கோளாறு செய்கிறது என்று நினைத்து இமையைக் கொட்டிக்கொண்டேன். இல்லை. பட்டுப்புடவைக் கடையில் தொங்குகிற அதே அசல் ராணி கலர்! ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, அடுக்கின்மேல் விழுந்து, சிதறி, திரும்பி வந்து எங்கள் மேலும் அடித்தது. நிலைய அலுவலரின் நரைத்த மீசை ராணி கலர்.

"அடப்பாவி, நிறுத்துடா!" என்றார் அவர். ஜன்னலில் நெருப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. "டேய், நிறுத்தாதடா!" என்றார்.

"ஐயோ வெள்ளைங்க! மாப்ள, அத்தனையும் வெள்ளைங்க!" என்று மாமா அலறினார்.

நான் என்ன செய்வேன்? நிறுத்தினால் கம்பெனி போகும், அடித்தால் பனியன் போகும், எது போனாலும் வித்யா போவாள். அழுதுகொண்டே அடித்தேன். (புகையால் வந்த கண்ணீர் என்று நிலையத்தில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) தீ அணைந்தது. நனையாமல் மிஞ்சிய வெள்ளை என்று அந்த அறையில் ஒன்றுமில்லை. தையல் வேலைக்கு வந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார்கள். மாமாவின் வேட்டி, சட்டை, வழுக்கை எல்லாம் ஒரே கலர்.

சாயப்பட்டறை மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். சாயம் போட்டு முடித்த கழிவுத் தண்ணீரையல்லவா அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்! அவர் ஒரு பனியனை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் தொழில் பெருமை தாண்டவமாடியது.

"உப்பு, சோடா எல்லாம் அதுலயே கெடக்குதுங்க. சூப்பரா ஏறியிருக்குதுங்க. இனி எத்தனை வாஷ் பண்ணுனாலும் போகாதுங்க."

அந்த மனுஷனை அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன். மாமா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? நிலைய அலுவலர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். ரோட்டில் நின்றவர்களில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மாமா போன் செய்யவில்லை. வித்யாவும் குரலைத் தாழ்த்தி, "அப்பா யார்கிட்டயும் பேசறதில்லைங்க. சும்மா கலர் கார்டைப் புரட்டீட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு எதைக் கழுவினாலும் எண்ணி எண்ணி வண்டியில் ஏற்றினேன், டீ டம்ளர் உட்பட.

ஒருநாள் காலை பரேடு முடிகிற நேரம் மாமாவே நிலையத்துக்கு வந்து நின்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"எங்கீங்க அந்த ஓஸு?" என்றார்.

காட்டினேன். குனிந்து தொட்டுப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார், கனம் தாங்காமல் கீழே வைத்தார்.

"இத முதல்ல வண்டில ஏத்துங்க. அப்பறம் பேசிக்கலாம்."

ஏற்றினேன். பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து என்னிடம் நீட்டினார். கல்யாணப் பத்திரிகை! வெள்ளை இல்லை, நல்ல ராணி கலர் அட்டை.

"என்னங்க பண்றது? பாக்கறவன் எல்லாம் 'உங்க மாப்ள வீடியோ பாத்தனுங்க'ங்கறான். இனி வேற மாப்ள பாத்தா, 'அந்தப் பழைய மாப்ள எங்கீங்க'ம்பான். அத்தனை பேருக்கும் யாருங்க பதில் சொல்றது?" என்றார். பிறகு, போகிற போக்கில், "கம்பெனி நிக்குது. அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பினார். நான் அந்தத் தீயணைப்பு வண்டியின் பின்னால் போய் நின்று ஆசை தீர அழுதேன். அந்தத் தடவை புகை எதுவும் இல்லை.

நனைந்த பனியன் முழுவதையும் மாமா ஒரே சீராக ராணி கலரில் இன்னொரு முக்கு முக்கி, காதர்பேட்டையில் விலை குறைத்துத் தள்ளிவிட்டார். மிஞ்சியது சொந்தக்காரர்களுக்கு. கல்யாணத்தன்று சமையல் பந்தலில் அண்டா தூக்கியவர்கள், வாழைமரம் கட்டியவர்கள் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். செபஸ்தியான் அண்ணன் ஒன்றைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

தாரை வார்க்கிற நேரம். மாமா செம்பைத் தூக்கினார். என் கையில் ஊற்றப் போனவர் நிறுத்தி, செம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது வெறும் தண்ணிதானுங்களே?"

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு பிடிபடாமல் வாசிப்பே நின்றுவிட்டது.

இப்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். யார் சட்டையில் சாம்பார் கொட்டினாலும், "காஞ்சா செரியாப் போயிருமுங்க" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாள். மாமா தன் வீட்டில் இருக்கும்போது அந்த ராணி கலர்ப் பனியனைத்தான் போட்டுக்கொள்வார். புதிதாக நான் எத்தனை வெள்ளை வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டார். துவைத்துத் துவைத்து அது நைந்து, தோள்பட்டை கிழிந்து, கொசுவலையாகிவிட்டது. சாயம் மட்டும் இன்னும் போகவில்லை.