ஆறு கிலோ உலகம்

ஆமையின் முதுகில் உலகம் நிற்க மறுத்தது. எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போய் நீலக் கிரீமில் விழுந்தது. கேக் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, உலகத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

பக்கத்துக் கல்லூரியில் கதை ஆராய்ச்சித் துறை என்று ஒன்று உண்டு. உலகம் எப்படித் தோன்றியது என்று எந்தெந்த ஜனங்கள் என்னென்ன கதை கட்டியிருக்கிறார்கள் என்று சேகரிப்பதுதான் அங்கே வேலை. வேலை என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தத் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார், சாயங்காலம் விழா. ஆறு கிலோ கேக், அதன் மேல் உலகம் தோன்றிய கதை இருக்க வேண்டும் என்று அட்டெண்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். விழாவில் கேக்கை வெட்டி, பிரின்சிபால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்திருந்தால் கல்லூரி கேன்டீனுக்கு இனிமேல் எல்லாமே இந்தக் கடையிலிருந்துதான்.

மாஸ்டருக்கு அந்த ஒரு வாய்தான் வாழ்வா சாவா. ஏனென்றால் கடை இருக்கும் இடம் மனைவியின் அண்ணனுடையது. காலையிலேயே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அந்த மனிதர்.

"மாப்ளே, இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் இங்க செல்போன் கடை வச்சிடுவேன். நீங்க பழைய முதலாளிகிட்டயே போய் பன் போடுங்க" என்று சொல்லிவிட்டு, டீ கேட்டார்.

எந்தக் கதை என்று அட்டெண்டர் சொல்லவில்லை. மாஸ்டர் துறைக்குப் போன் போட்டபோது எடுத்தவர் ஆமைப் பேராசிரியர். ஆதியில் எங்கே பார்த்தாலும் தண்ணீர், ஒரு பிராணி முங்கிப் போய் அடியிலிருந்து மண் எடுத்து வந்தது, அதை ஆமை முதுகில் வைக்க அது வளர்ந்து உலகமானது என்று விளக்கினார். மாஸ்டருக்குப் பிடித்துப்போய்விட்டது. சுலபமான கதை. கிரீம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஆமைக்குப் பக்கத்தில் உலகத்தை வைத்தால் பரவாயில்லையா என்று கேட்க மறுபடி போன் போட்டார். அங்கேதான் சனி பிடித்தது. இந்தத் தடவை எடுத்தது ஒரு அம்மாள்.

"ஆமையா? எந்த ஆமை?" என்றார் அந்த அம்மாள். உலகம் முட்டையிலிருந்துதான் வந்தது, உடைந்த மேல் ஓடு வானம், கீழ் ஓடு பூமி, பல தேசத்தில் இதுதான் கதை, தலைவருக்குப் பிடித்ததும் இதுதான் என்று அடித்துச் சொன்னார்.

தலைவருக்குப் பிடித்தது என்ற பிறகு என்ன செய்வது? சர்க்கரையில் ஒரு முட்டை செய்து ஆமை மேல் உட்காரவைத்தார் மாஸ்டர். அது நின்றது. நிம்மதியாகப் பெருமூச்சு விடப் போனவரை மனைவி நிறுத்தினாள்.

"ஏங்க, இந்த முட்டையைப் போட்டது யாரு? ஆமையா?"

நியாயமான கேள்வி. ஆமை முட்டை போட்டதென்றால் ஆமைக்கு முன்னால் உலகம் இல்லை. உலகம் இல்லாமல் ஆமை எங்கே நின்று போட்டது? மாஸ்டருக்குத் தலை சுற்றியது. தலைவரையே கேட்டுவிடுவோம் என்று போன் செய்தார். தலைவர் போன் பக்கமே வருவதில்லையாம். எடுத்தவர் மூன்றாமவர், பனி தேசத்துக் கதைக்காரர். ஆமையும் கிடையாது முட்டையும் கிடையாது, ஒரு பூதத்தை வெட்டிப் போட்டார்கள், சதை பூமி, எலும்பு மலை, மண்டையோடு வானம், ரத்தம் கடல் என்றார்.

"அப்ப கடல் நீலமா, சிவப்பா சார்?"

"முதல்ல சிவப்புதான்."

மாஸ்டர் நீலத்தின் மேல் ஸ்ட்ராபெரி ஜாமை ஊற்றினார். பூதத்தைப் படுக்கவைத்தார். மச்சான் டீ கிளாஸோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இது ஓய்வு விழாவுக்கா, போஸ்ட்மார்ட்டத்துக்கா?"

கடைசியாக ஒரு தடவை போன் போட்டு, மூன்று பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அவ்வளவுதான். போனுக்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். ஆமை முட்டையைத் திட்டியது, முட்டை பூதத்தைத் திட்டியது. மாஸ்டர் போனை மாவுக்குள் புதைத்துவிட்டு மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்கு உலகம்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகமா இருக்குடி."

நேரம் ஓடிவிட்டது. அழாத குறையாகக் கத்தியை எடுத்து ஆமை, முட்டை, பூதம், ரத்தம் எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். கரும் சாக்லேட்டைக் காய்ச்சி மேலே கவிழ்த்தார். ஒரு பூ இல்லை, ஒரு எழுத்து இல்லை. கன்னங்கரேல் என்று ஒரு கேக். அதை மடியில் வைத்துக்கொண்டு மச்சானோடு ஆட்டோவில் போகும்போது, நாளை முதல் பன் போடப் போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அட்டெண்டர் கேக்கை உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். மாஸ்டர் கதவிடுக்கில் பார்த்தார். மூன்று பேராசிரியர்களும் சுற்றி நின்றார்கள். குனிந்து அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்தார்கள்.

"தண்ணிக்கும் முன்னாடி இருந்த இருட்டு" என்றார் ஆமைக்காரர், கையைக் கூப்பிக்கொண்டு.

"முட்டைக்குள்ள இருந்ததும் இதே இருட்டுதான்" என்றார் அந்த அம்மாள்.

பூதம் பிறப்பதற்கு முன்னால் இருந்த பாழ்வெளியும் இதேதான் என்று மூன்றாமவர் ஒப்புக்கொண்டார். மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலியில் இருந்த தலைவர் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரின்சிபால் கை தட்டினார்.

மாஸ்டருக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. மச்சான் அவர் முதுகில் தட்டி, செல்போன் கடையெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னது என்றார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அட்டெண்டர் வெளியே வந்தார், கையில் அதே கேக். ஒரு கீறல் விழவில்லை.

"வெட்டலையா?" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு வெட்டணும்? இவங்க மூணு பேர் சண்டை தாங்காமத்தான் ஐயா பாதி சர்வீஸ்லயே விருப்ப ஓய்வு கேட்டிருந்தார், உங்க கேக்கைப் பார்த்து இவங்க ஒத்துமையானதும் அதை வாபஸ் வாங்கிட்டார், விழா கேன்சல், பிரின்சிபாலும் வீட்டுக்குக் கிளம்பிட்டார், இந்தாங்க பிடிங்க."