போத்தலுக்குக் கொடுத்த மருந்து

விதிகளை எழுத்துப் பிசகாமல் படிக்கிறவன்தான் அவற்றை மிக மோசமாக மீறுவான். முப்பத்துநான்கு வருடம் அரசாங்க அலுவலகங்களில் அடுத்தவர் விண்ணப்பங்களில் பிழை பிடித்தவன் நான். இதை மட்டும் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் நியமனம். காலைச் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் கொண்டுவரச் சொன்னது கடிதம். அதில் சீனி தெரிந்தால் வேலை இல்லை. வாப்பா சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவு நோயால், படுக்கையில். வீடு என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய வாப்பாவுக்கும் அதே வருத்தம். (எங்கள் குடும்பத்தில் காணியைவிட அதுதான் ஒழுங்காகப் பங்கு பிரிக்கப்பட்டது.)

அக்குறணையில் கடை வைத்திருந்த மாமா, உம்மாவின் தம்பி, ஒரு போத்தலோடு வந்தார்.

"மருமகன், பாவக்கா, நாவக்கொட்டை, குறிஞ்சா இல எல்லாம் போட்டுக் காச்சின கஷாயம். பத்து நாளைக்குக் குடிங்க. சீனி நிக்காது."

"எனக்குச் சீனி ஈக்கிண்டு யாரு சென்ன?"

"இல்லாட்டியும் குடிங்க. வார சீனி வாசல்லயே திரும்பிப் போகும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அதன் ருசி இன்றுவரை தெரியாது. நாளுக்கு நாற்பது தடவை நாக்கு வறள்கிறதா என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க வறண்டது. வளவில் ஒதுங்கிய இடத்துக்கு எறும்பு வருகிறதா என்று காத்து நின்றேன். வந்தது. (கண்டியில் எறும்பு எங்கேதான் வராது?)

பரிசோதனை நாள் காலை, அதே போத்தலை வெளியே சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். உள்ளே கழுவப் போனபோதுதான் அந்த அறிவு உதித்தது: உடம்புக்குள் சீனியைக் கொல்லும் மருந்து போத்தலுக்குள் கொல்லாதா? அடியில் கிடந்த கஷாயத்தை அப்படியே விட்டு, மேலே நிரப்பினேன்.

துணைக்கு மாமாவும் வந்தார். டாக்டர் யாழ்ப்பாணத்தவர். நீல மருந்துக்குள் எட்டுத் துளி விட்டுச் சூடாக்கினார். சீனி இல்லையென்றால் நீலம் மாறாது. மாறியது. பச்சையில் நிற்கும் என்று நினைத்தேன். மஞ்சளில் நிற்கும் என்று வேண்டினேன். செங்கல் நிறத்தில் நின்றது.

"தம்பி, நடந்தோ வந்தனீர்?"

"ஓம் டாக்டர்."

"இவ்வளவு சீனியோட ஆள் கட்டிலில கிடக்கவேணும். இதுக்குள்ள என்ன விட்டனீர்?"

"சீனிக்கு மருந்து."

"ஆருக்கு?"

"போத்தலுக்கு, டாக்டர்."

வாசலில் நின்ற மாமாவுக்கு மானம் பொறுக்கவில்லை. "நல்ல மருந்து டாக்டர். கசப்பு தெரியாம இனிப்புக்கு ரெண்டு அகப்பை கித்துள் பாணி மட்டுந்தான் சேத்த. பாணி இல்லாம டவுன் ஆக்கள் குடிக்க மாட்டாங்களே."

டாக்டர் என் போத்தலை மூடி ஒதுக்கி வைத்தார். பிறகு தன் போத்தலொன்றை நீட்டி, திரைக்குப் பின்னால் அனுப்பினார். ஒரு துளியும் வரவில்லை. ஐந்து கிளாஸ் தண்ணீர், ஒன்றரை மணி நேரம், திரைக்கு அப்பால் மாமாவின் ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் தேவைப்பட்டன.

இந்த முறை நீலம் அசையவில்லை.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லாத வருத்தத்தை அது மாத்தினதெண்டு நான் எப்பிடித் தம்பி எழுதுறது?"

வேறொன்றை எழுதினார். 'முதல் மாதிரியில் விண்ணப்பதாரர் பாணி கலந்திருந்தார்' என்ற குறிப்போடு நியமனம் கிடைத்தது. அந்தத் தாள் என் சுயவிவரக் கோவையின் முதல் பக்கமாகி, எந்த ஊருக்கு மாற்றம் வந்தாலும் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. நாவலப்பிட்டியில் புதிய மேலதிகாரி என் முதல் அறிக்கையை, பிசுபிசுக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

வீட்டிலும் அதே கதி. நான் எந்தப் பழங்கதையைத் தொடங்கினாலும் மனைவி பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுவாள்: "கேளுங்க மக்கள். இதிலயும் ரெண்டு அகப்பை பாணி ஈக்கும்."